பின் சீட்டில் ஒரு ஹைபிரிட் நிபுணர்

வெளிநாடு போய் வந்தவனுக்கு எங்கள் ஊரில் ஒரு மதிப்பு உண்டு. லண்டன் போனவன் ஒரு மாதம் அதைப் பற்றிக் கதைப்பான். கனடா போனவன் சாகும் வரைக்கும் கதைப்பான். நான் போனது ஸ்ரீபெரும்புதூருக்கு. யாழ்ப்பாணத்தில் இருந்து பார்த்தால் அதுவும் வெளிநாடுதான், கடவுச்சீட்டில் முத்திரை குத்தித்தான் உள்ளே விட்டார்கள். என்றாலும் திரும்பி வந்து கதைக்க என்னிடம் இருப்பது ஒரு மானக்கேடு மட்டும். அதை நானே சொல்லிவிடுவது நல்லது. தயா சொன்னால் கூட்டிச் சொல்லுவான்.

தயா என் சின்னம்மாவின் மகன். சின்ன வயதில் சண்டைக்குப் பயந்து குடும்பத்தோடு படகேறி இந்தியாவுக்குப் போனவன். அங்கேயே படித்து, அங்கேயே மல்லிகாவைக் கட்டி, இப்போது ஒரகடத்தில் வாகன உதிரிப்பாகம் செய்யும் ஆலை ஒன்றில் இருக்கிறான். புது வீடு கட்டிக் குடிபுகுகிறேன், அம்மா அப்பாவும் போய்விட்டார்கள், நீங்களும் வராவிட்டால் எங்கள் பக்கத்து ஆள் என்று ஒருத்தரும் இல்லை அண்ணா என்று போனில் குரல் உடைந்து சொன்னான். போகாமல் இருக்க முடியுமா?

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேணும். கூட்டுறவுச் சங்கத்தில் அரிசி மூட்டைக்குக் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். ஆனால் ஊரில் என்னை ஹைபிரிட் மாஸ்டர் என்பார்கள். ஜப்பான்காரன் ஓடிக் களைத்துத் தள்ளிவிட்ட ஒரு ஹைபிரிட் காரை வாங்கி, மூன்று லட்சம் கிலோமீற்றரைத் தாண்டியும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்து இழுக்கிற கார், இவ்வளவு ஓடினால் பற்றரி போய்விடும் என்று வாங்கின நாளில் இருந்து சனம் பயமுறுத்தியது. போகவில்லை. அது போகாததற்கு நான்தான் காரணம் என்ற எண்ணம் எப்படியோ என் தலைக்குள் ஏறி இருந்துவிட்டது. மிச்சத்தை யூடியூப் பார்த்துக்கொண்டது.

விமான நிலையத்தில் என் பெயர் எழுதின அட்டையோடு நின்றவள் கஸ்தூரி. சுடிதாருக்கு மேலே காக்கிச் சட்டை, முப்பதைத் தாண்டின வயது, முகத்தில் அவசரம். தயா அனுப்பின வாகனத்தின் சாரதி. ஊர்ப் பழக்கத்தில் நான் முன் கதவைத் திறக்கப் போனேன். எங்கள் பக்கம் சாரதிக்குப் பக்கத்தில் இருந்து கதைத்துக்கொண்டு போவதுதான் மரியாதை. அவள் பதறிப்போய்ப் பின் கதவைத் திறந்தாள். "கெஸ்ட்டு பின்னாடி தான் சார் உக்காரணும். முன்னாடி உக்கார வெச்சா என்னை தான் கேப்பாங்க" என்றாள். சரி என்று பின்னால் ஏறினேன். என் சொந்தக் காரின் பின் சீட்டில் நான் ஒருநாளும் இருந்ததில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஏறும்போதுதான் பார்த்தேன், காரின் பின்புறத்தில் ஹைபிரிட் என்ற எழுத்து. எனக்கு வந்த புளுகத்தை, சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அந்நிய தேசத்தில் சொந்தக்காரப் பிள்ளையைக் கண்ட மாதிரி இருந்தது. எட்டி மீற்றரைப் பார்த்தேன். இரண்டு லட்சத்து எண்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. எத்தனை வயது வண்டி, யார் ஓட்டினது, பிரேக் எப்போது மாற்றினது என்று கேள்வி மேல் கேள்வி கேட்டேன். ஒரு கம்பெனிப் பெரிய அதிகாரியை ஏற்றி இறக்கின வண்டியாம். அவர் புதுக் கார் எடுத்ததும் கஸ்தூரி இதை வாங்கியிருக்கிறாள். வாங்கிக் கன காலம் ஆகவில்லை.

அதற்கு முன் அவள் போன் தயாரிக்கிற ஆலையில் பொருத்தும் லைனில் நின்றவள். ஷிப்ட் முழுக்க நின்றபடி வேலை. கால் வீங்கி, பிறகு வீக்கமே காலாகிவிட்டது என்று சிரித்துக்கொண்டு சொன்னாள். வேலையை விட்டுவிட்டு ஓட்டப் பழகியிருக்கிறாள். ஒரகடத்தில் ஆலைகளுக்குக் கார் விடுகிற கான்ட்ராக்டர் ஒருவருக்கு, வெளிநாட்டு விருந்தினரை ஏற்றி இறக்க நல்ல வண்டி தேவையாம். சனிக்கிழமை அங்குள்ள மேனேஜர் இந்தக் காரைப் பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடு.

"கிலோமீட்டர் ஜாஸ்தியா கீதுன்னு அந்தாளு இழுத்துகினே இருக்கிறாரு சார்" என்றாள். "வேணாம்னுட்டா திரும்ப லைனுக்கும் போக முடியாது. அங்க இப்ப சின்னப் பொண்ணுங்கள தான் எடுக்கிறாங்க."

தங்கச்சி, ஒன்றுக்கும் யோசிக்காதே, இது இன்னும் மூன்று லட்சம் ஓடும், நான் சொல்கிறேன் என்றேன். கண்ணாடியில் அவள் கண் என்னைப் பார்த்தது. அத்தோடு நான் வாயை மூடியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நுணலும் தன் வாயால் கெடும்.

தயா வீட்டு வாசலில் இறங்கினதும் பின் சீட்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். ஹைபிரிட் காரின் பெரிய பற்றரி பின் சீட்டுக்குப் பின்னால்தான் இருக்கும். அது சூடாகாமல் இருக்க, ஒரு விசிறி காருக்குள் இருக்கிற குளிர்ந்த காற்றை இழுத்து அதன் மேல் விடும். என் காரில் அந்தக் காற்று போகிற சின்ன ஜன்னல் சீட்டின் ஓரத்தில் இருக்கிறது. இந்தக் காரில் அந்த இடத்தில் ஒன்றையும் காணவில்லை. "இந்த மொடலுக்கு ஜன்னல் தேவையில்லை, எல்லாத்தையும் உள்ளுக்குள்ளேயே பார்த்துக்கொள்ளும்" என்று கஸ்தூரிக்கு விளக்கினேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

குடிபுகுதல் சிறப்பாக நடந்தது. மாடு உள்ளே வர மறுத்தது, மல்லிகாவின் தகப்பனார் வாழைப்பழம் காட்டிக் கூட்டி வந்தார். சாப்பாட்டில் பொங்கல், வடை, மூன்று விதச் சட்னி. சம்பல் இருக்கிறதா என்று கேட்டேன், அது என்ன என்று கேட்டார்கள். தேங்காயும் செத்தல் மிளகாயும் இடித்தது என்றேன். அதுதானே இந்தச் சட்னி என்றார்கள். இரண்டும் ஒன்றில்லை என்று நிரூபிக்கப் போய்ப் பொங்கல் ஆறிவிட்டது.

அடுத்த நாள் தயா என்னை ஒரகடம் காட்டக் கூட்டிப் போனான். அகன்ற வீதி, இரண்டு பக்கமும் மதில், மதிலுக்குப் பின்னால் ஆலை, அது முடிய அடுத்த மதில். கம்பெனி பஸ்கள் ஒன்றின் பின் ஒன்றாகப் போகின்றன, எல்லா ஜன்னலிலும் ஒரு தலை சாய்ந்து நித்திரை கொள்கிறது. எங்கள் ஊரில் பஸ்ஸில் நித்திரை கொண்டால் பக்கத்தில் இருப்பவர் தட்டி எழுப்பி எந்த ஊர் என்று விசாரிப்பார். சந்திக்குப் பக்கத்தில் ஒரு புரோட்டாக் கடைக்குப் போனோம். முழுக்கத் தெற்கத்திப் பொடியன்கள், கழுத்தில் கம்பெனி அட்டை. நான் பால் விடாமல் ஒரு பிளேன்டீ கேட்டதும் பக்கத்து மேசைத் திருநெல்வேலிப் பொடியன் ஒருவன், "அண்ணாச்சிக்குக் கேரளாவா?" என்று அன்பாகக் கேட்டான். இல்லையப்பா, யாழ்ப்பாணம் என்றேன். அப்படியா, நல்லாத் தமிழ் பேசுதீங்க என்று பாராட்டினான். நன்றி என்றேன். வேறு என்ன சொல்ல?

இனித்தான் என் அழிவு தொடங்குகிறது. மல்லிகா தண்டலம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வாகனப் பொறியியல் படிப்பிக்கிறாள். அன்று பின்னேரம் பேச வருவதாக இருந்த ஆலை அதிகாரி ஒருவர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். மாமா, நீங்க தான் ஹைபிரிட் பத்தி நல்லாப் பேசுவீங்களே, கொஞ்ச நேரம் வந்து பேசிடுங்க என்றாள். ஒரு பேச்சுக்குக் கூட மறுக்கவில்லை நான். சட்டையை மாற்றிக்கொண்டு கஸ்தூரியின் காரில் ஏறிவிட்டேன்.

நெடுந்தூரம் ஓடிய ஹைபிரிட் கார்களை நம்பலாமா என்பது தலைப்பு. உண்மையைச் சொன்னால் நன்றாகத்தான் பேசினேன். கார் மெதுவாகும்போது மோட்டாரே இழுத்துப் பிடிப்பதால் பிரேக் கட்டை தேயாது என்றேன். எஞ்சினுக்கு அடிக்கடி ஓய்வு கிடைப்பதால் அதுவும் நீடிக்கும் என்றேன். பல நேரம் எல்லாக் காரிலும் இருக்கிற சின்னப் பற்றரி இறங்கியிருக்கும், சனம் பெரிய பற்றரி போய்விட்டது என்று அழுது குளறும் என்றேன். கடைசியில் மேசையைத் தட்டி, "பெரிய பற்றரி சும்மா சாகாது பிள்ளைகள். வெக்கையிலும் மூச்சுமுட்டியும்தான் சாகும்" என்றேன். மதியச் சாப்பாட்டு மயக்கத்தில் இருந்த பிள்ளைகள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். கடைசி வரிசையில் கஸ்தூரி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் கல்லூரி முதல்வர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். அரக்குச் சிவப்பில் அகலச் சரிகை வைத்த பொன்னாடை. எங்கள் ஊரில் அதை அரசியல்வாதிக்கும் கவிஞருக்கும்தான் போர்த்துவார்கள். அரிசிக் கணக்கு எழுதினவனுக்குப் போர்த்தி நான் கண்டதில்லை. காருக்கு வந்தும் அதை மடித்து வைக்க மனம் வரவில்லை. பின் சீட்டுக்கு மேலே, பின் கண்ணாடிக்குக் கீழே ஒரு தட்டு இருக்கிறதல்லவா, அதில் சரிகை வெளியே தெரியும்படி நன்றாக விரித்துவிட்டேன். பின்னால் வருகிறவன் பார்க்கட்டும் என்று. தட்டின் ஒரு பக்கத்தில் வரி வரியாகத் துவாரம் இருந்தது. ஸ்பீக்கர் போல என்று நினைத்து அதையும் சேர்த்து மூடினேன். கஸ்தூரி கண்ணாடியில் பார்த்துவிட்டு, கலர் சூப்பரா கீது சார் என்றாள்.

வெள்ளிக்கிழமை காஞ்சிபுரம் போனோம். மனைவி ஒரு சேலை சொல்லிவிட்டிருந்தாள். கடைக்காரர் ஐம்பது சேலை விரித்துக் காட்டி, நான் ஒன்றும் விளங்காமல் தலையாட்டி, கடைசியில் கஸ்தூரி தேர்ந்தாள். திரும்பி வரும்போது நல்ல மதிய வெயில். ஸ்ரீபெரும்புதூருக்குக் கொஞ்சம் முன்னால் லொறிகளுக்கு நடுவில் மாட்டி, ஊர்ந்து ஊர்ந்து வந்தோம். அப்போதுதான் என் தலைக்குப் பின்னால் ஒரு ஊளைச் சத்தம் கேட்டது. வரவரக் கூடியது. நெரிசலில் அணைந்து கிடக்கவேண்டிய எஞ்சின் அணையாமல் உறுமியது. பிறகு முன்னால் ஒரு எச்சரிக்கை விளக்கு எரிந்தது.

கஸ்தூரி நுங்குக் கடை ஒன்றின் பக்கத்தில் ஓரங்கட்டினாள். திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கண்ணை மூடி, கையை உயர்த்தி, அந்த ஊளையைக் கேட்டேன். நாடி பிடிக்கிற பரியாரி மாதிரி. பிறகு தீர்ப்புச் சொன்னேன்.

"பெரிய பற்றரி முடிஞ்சுது, தங்கச்சி."

"எவ்ளோ நாள் சார் தாங்கும்?"

"இரண்டு மாதம். கூடினால் மூன்று."

ஆயிரம் வேரைக் கண்டவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் ஒரு வேரைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. கஸ்தூரி அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இறங்கிப்போய் எனக்கு நுங்கு வாங்கி வந்தாள். அவளுக்கு வேண்டாமாம். நேற்று மேசையைத் தட்டி இது சும்மா சாகாது என்றவன் இன்றைக்கு அவளுடைய பிழைப்புக்கு நாள் குறித்துவிட்டேன் என்பது மட்டும் விளங்கியது.

வண்டியை நிறுத்தி வைத்து ஆறின பிறகு விளக்கு அணைந்துவிட்டது. வெயிலில் ஓடியதும் மறுபடி வந்தது. அன்று பின்னேரம் தயா வீட்டில் நான் ஒரு உபாயம் சொன்னேன். மேனேஜரிடம் விடிய வெள்ளென வண்டியைக் கொண்டுபோய்க் காட்டு, வெயில் ஏறுமுன் விளக்கு வராது, அவர் கையெழுத்து வைத்துவிடுவார் என்றேன். தயாவும் தலையாட்டினான். கஸ்தூரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வேணாம் சார்" என்றாள். "யாரையாவது ஏத்திகினு போறப்ப நடுரோட்ல நின்னுச்சுன்னா மானம் போறது எனக்கு தான். அப்புறம் பொம்பள டிரைவர்னு எவனும் வண்டி குடுக்க மாட்டான். நானே போய் சொல்லிட்றேன்."

எனக்கு மூஞ்சியில் தண்ணீர் ஊற்றின மாதிரி இருந்தது. அவள் போனபின் தயா டிவியைப் போட்டான்.

சனிக்கிழமைதான் எனக்கும் விமானம். போகிற வழியில் ஒரகடத்தில் அந்த மேனேஜரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று காலையிலேயே கிளம்பினோம். நான் பேசாமல் வந்த ஒரே கார்ப் பயணம் அதுதான். கான்ட்ராக்டரின் இடம் ஒரு பெரிய மண் முற்றம். ஒரு பக்கம் பஸ்கள், ஒரு பக்கம் கழுவித் துடைத்த கார்கள், மூலையில் தகரம் போட்ட அலுவலகம். வெயில் ஏறிவிட்டது, விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. எனக்கு வெக்கையாக இருக்கும் என்று ஏசியை ஓடவிட்டு, "உக்காருங்க சார், சொல்லிட்டு வந்துட்றேன்" என்று இறங்கிப் போனாள். முதுகை நிமிர்த்திக்கொண்டு போனாள்.

பின்னால் வருகிறவன் பார்க்கட்டும் என்று விரித்த பொன்னாடை அப்போதும் அங்கேயே கிடந்தது. அதைப் பார்க்க வெட்கமாக இருந்தது. சூட்கேசுக்குள் தள்ளிவிடலாம் என்று நுனியைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. எங்கேயாவது கொழுவியிருக்கும் என்று மற்றப் பக்கத்தால் இழுத்தேன். வரவில்லை. நான் இழுக்க, கீழே இருந்து யாரோ எதிர்ப்பக்கம் இழுத்தார்கள். ஊளைச் சத்தமும் அதே இடத்தில் இருந்துதான் வந்தது. முழு பலத்தோடு பிடுங்கி எடுத்துவிட்டு, அந்த வரி வரியான துவாரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தேன்.

உள்ளங்கையைக் காற்று உறிஞ்சிப் பிடித்தது.

கோதாரி. அது ஸ்பீக்கர் இல்லை. ஜன்னல். இந்த மொடலுக்குத் தேவையில்லை என்று நான் அறிவித்த அதே ஜன்னல். பற்றரி மூச்சுமுட்டித்தான் சாகும் என்று பேசி வாங்கின பொன்னாடையால் அதன் மூக்கைப் பொத்தியிருக்கிறேன்.

கதவைத் திறந்து ஓடினேன். வயசுக்கு ஏற்ற ஓட்டமில்லை அது. செருப்பு ஒன்று வழியில் கழன்றுவிட்டது. கார் கழுவிக்கொண்டிருந்த சாரதிமார் தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி பார்த்தார்கள், ஒரு கையில் அரக்குச் சிவப்புப் பொன்னாடை பறக்க ஒரு கிழவன் மண் முற்றத்தைக் குறுக்கே கடக்கிறான். அலுவலகக் கதவைத் தள்ளினபோது கஸ்தூரி நின்றபடி சொல்லிக்கொண்டிருந்தாள். பேட்டரி வீக்கா கீது சார், அதான் முன்னாடியே சொல்லிட்லாம்னு வந்தேன் என்ற வார்த்தை வரைக்கும் வந்துவிட்டாள்.

"இல்லை!" என்றேன். மூச்சு வாங்கியது.

மேனேஜர் பருத்த ஆள், நெற்றியில் திருநீறு. என் காலில் இருந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்தார். யார் இவர் என்று கேட்டார். கஸ்தூரி கொஞ்சமும் நக்கல் இல்லாமல், ஹைபிரிட் நிபுணர் சார் என்றாள். அந்தக் கணம் பூமி பிளந்து விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

"பற்றரிக்கு ஒரு பழுதும் இல்லை ஐயா. அது காற்றில்லாமல் சூடாகியிருக்கு. அடைச்சது நான்தான். இதால" என்று பொன்னாடையை நீட்டினேன். எங்கே விரித்தேன், ஏன் விரித்தேன், எதை ஸ்பீக்கர் என்று நினைத்தேன் என்பதை எல்லாம் சொன்னேன். எதையும் விடவில்லை. அந்த மனிதர் பொன்னாடையையும் என்னையும் பார்த்தார்.

"பேட்டரிக்கே பொன்னாட போத்திட்டீங்களா?" என்றார்.

ஓம் என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு கஸ்தூரியைப் பக்கத்தில் ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு வெயிலுக்குள் போனார். வல்லக்கோட்டை வரைக்கும் போய் வருவதாகச் சொன்னார்கள். நான் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஒரு சாரதி என் செருப்பை எடுத்து வந்து தந்தார். இன்னொருவர் டீ கொடுத்தார். என் நோக்கம் சரி, ஆனால் என் வைத்தியம் இதுவரைக்கும் ஒருமுறைகூடச் சரிவரவில்லையே. மூச்சுத் திணறின பற்றரி உண்மையிலேயே செத்திருந்தால்? அப்பனே முருகா, இந்த ஒருமுறை மட்டும் நான் சொன்னது சரியாக இருக்கட்டும் என்று வேண்டினேன்.

கார் திரும்பி வந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. முற்றத்துக்குள் நுழைந்து, எஞ்சின் அணைந்து, மோட்டாரில் மட்டும் வழுக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றபோதுதான் நிமிர்ந்தேன். ஊளை இல்லை. கஸ்தூரி முன் சீட்டில் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள். மேனேஜர் இறங்கி டயரை ஒருமுறை காலால் தட்டிப் பார்த்தார்.

"லைட்டு வரல. ஏசிய நிறுத்திகூட ஓட்டிப் பாத்துட்டேன்" என்றார். பிறகு அவளைப் பார்த்து, "திங்கக்கெழம ஏர்போர்ட்ல கொரியாக்காரங்க வராங்க. வண்டிய தொடச்சு எடுத்துகினு வந்துடும்மா. வந்து சொன்ன பாரு, அதுக்கு தான் குடுக்கிறேன், வண்டிக்கோசரம் இல்ல" என்றார். போகிற போக்கில் என்னைக் காட்டி, பின்னாடி எதையும் வைக்க விடாதே என்றும் சொன்னார்.

கஸ்தூரி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். என்னில் கோபமா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

"கோவம் வரல சார். ஆனா நேத்து ராத்திரி கண்ண மூடினா லைன்ல நின்னுகினு கீற மாதிரியே இருந்துச்சு. வூட்ல யார்கிட்டயும் சொல்லல."

பொன்னாடையை அவள் கையில் கொடுக்கப் பார்த்தேன், கார் துடைக்கவாவது உதவும் என்று. மரியாதைக்குப் போட்டத துடைக்க எடுக்கக் கூடாது சார், அதனால தானே நானும் அதத் தொடாம வுட்டேன் என்றாள். சூட்கேசுக்குள் வைத்துப் பூட்டினேன்.

விமானத்துக்கு நேரமாகிவிட்டது. நான் பின் கதவைத் திறக்கப் போனேன். பூட்டியிருந்தது. கஸ்தூரி உள்ளே இருந்தபடி எட்டி முன் கதவைத் திறந்தாள். விருந்தாளி பின்னால்தான் இருக்கவேணும் என்று நீதானே சொன்னாய் என்றேன்.

"கெஸ்ட்டு தான் சார் பின்னாடி. நீங்க இங்க வாங்க, என் கண்ணு எதிர்லயே உக்காருங்க."

முன் சீட்டில் ஏறினேன். விமான நிலையம் வரைக்கும் பெல்ட்டைத் தவிர வேறு ஒன்றையும் தொடவில்லை.